நகரத்தில் சரி, நெல்லூர் சாலையில் மட்டும் மைலேஜ் ஏன் குறைகிறது?

கேள்வி: திருவொற்றியூரில் வசிக்கிறோம். 2011-இல் வாங்கிய 1.5 லிட்டர் பெட்ரோல் செடான் கார் வைத்திருக்கிறேன், 1,18,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மகளை நெல்லூரில் கட்டிக்கொடுத்திருப்பதால் மாதம் ஒருமுறை நானும் மனைவியும் போய்வருகிறோம். முன்பு அந்தச் சாலையில் லிட்டருக்கு 17 கி.மீ. கொடுத்த வண்டி, ஒன்றரை ஆண்டாக 12.5-ஐத் தாண்டுவதில்லை. நகரத்துக்குள் மட்டும் பழையபடி 11 கிடைக்கிறது. நானேதான் ஓட்டுகிறேன், 90-க்கு மேல் போவதில்லை. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் மாற்றி, இன்ஜெக்டரையும் கழுவியாயிற்று, பலனில்லை. இடையில் ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு மணலி அருகே ஒருமுறை வண்டி சூடாகி நின்றது. புது ரேடியேட்டர் போட்டபின் அந்தத் தொல்லை அறவே இல்லை. நெடுஞ்சாலையில் வெப்ப முள் பாதிக்குக் கீழேயே நிற்கிறது, சாவியைத் திருப்பியதும் ஃபேனும் ஓடத் தொடங்கிவிடுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சக்கரம் பாதி மூழ்க இரண்டு நாள் வண்டி நின்றது. அதன்பிறகு தெருவில் தேங்கும் தண்ணீரை நினைத்துச் சற்று உயரமான டயர் போட்டுக்கொண்டேன். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. எஞ்சினுக்கு வயதாகிவிட்டது, ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல்பகுதியை, இறக்கி வேலை பார்க்க வேண்டும் அல்லது வண்டியை விற்றுவிட வேண்டும் என்கிறார் எங்கள் மெக்கானிக். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, ஹெட்டை இறக்க இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் நிம்மதியோடு நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்குக் கவலை தந்தது. முள் பாதிக்குக் கீழேயே நிற்கிறது என்கிறீர்களே, அந்த வரி. ரேடியேட்டர் மாற்றிய அன்று தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றிப் போட்டுவிட்டு, ஃபேனை நேரடியாகச் சாவியோடு இணைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பெரம்பூரில் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். சூடாகி நின்ற வண்டிக்கு நம் பக்கத்தில் செய்யப்படும் வழக்கமான வைத்தியம் இதுதான். பிறரைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. தொழில் பழகிய காலத்தில் என் கையாலேயே எத்தனையோ வண்டிகளில் அந்த வால்வைக் கழற்றிக் குப்பையில் எறிந்திருக்கிறேன்.

கார்புரேட்டர் வண்டிகளில் அதனால் விளைந்த கேடு குறைவு. எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கார்புரேட்டர் கேட்பதில்லை. சோக்கை இழுத்தவர் மறுபடி உள்ளே தள்ளிவிட்டால் அத்தோடு முடிந்தது. உங்கள் வண்டி அப்படிப்பட்டதல்ல. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதைக் கணினி ஒவ்வொரு கணமும் தீர்மானிக்கிறது, அதற்கு அது முதலில் பார்க்கும் எண்களில் ஒன்று கூலன்ட்டின், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவத்தின், வெப்பநிலை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் முழுதும் ஆவியாகாமல் ஒரு பகுதி சுவர்களில் படிந்துவிடும் என்பதால், காலையில் வண்டியைக் கிளப்பும் முதல் சில நிமிடங்களுக்குக் கணினி தாராளமாகவே பெட்ரோலை விடும். எஞ்சின் தன் முறையான வெப்பநிலையை, அதாவது ஏறத்தாழ 85 முதல் 95 டிகிரி செல்சியஸை, அடைந்ததும் அந்தத் தாராளத்தை நிறுத்திக்கொள்ளும். தெர்மோஸ்டாட் என்பது அந்த வெப்பநிலை வரும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருக்கும் கதவு. கதவே இல்லாத வண்டியில், 85 கி.மீ. வேகத்தில் முன்னால் வந்து மோதும் காற்று ரேடியேட்டரை இடைவிடாமல் குளிரவைக்க, எஞ்சின் 65, 70 டிகிரியிலேயே நெல்லூர் வரை போய்ச் சேர்ந்துவிடும். காலை நேரத்து முதல் ஐந்து நிமிடங்களுக்கான செலவு 170 கி.மீ. நீளத்துக்கும் ஓரளவு தொடர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் உராய்வும் கூடுகிறது. பழைய வண்டிதானே என்று 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றியிருந்தால் இன்னும் மோசம். கையேட்டில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

நகரத்தில் ஏன் தெரியவில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. மணலியில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்குக் காற்றோட்டம் கிடையாது. வால்வு இல்லாவிட்டாலும், ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தாலும், நம் ஊர் வெயிலில் எஞ்சின் எப்படியோ சூடேறி முறையான வெப்பநிலையை எட்டிவிடுகிறது. மூலக்கடை, மாதவரம் நெரிசலில் முள் எங்கே நிற்கிறது, காரனோடையைத் தாண்டியதும் எங்கே நிற்கிறது என்று அடுத்த முறை கவனியுங்கள். நெரிசலில் நடுவிலும் வேகத்தில் கீழேயும் நின்றால் என் ஐயம் பெரும்பாலும் உறுதி. பல கார்களில் முள்ளை 75 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அதையும் மீறி அது கீழே இறங்குகிறது என்றால் எஞ்சின் உண்மையிலேயே மிகவும் குளிர்ந்திருக்கிறது என்று பொருள்.

மாறாக, எஞ்சினுக்குள் இருக்கும் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் வால்வோ தேய்ந்ததனால் மைலேஜ் குறைந்திருந்தால், அது நகரத்தை மட்டும் விட்டுவைக்காது. ஆயில் குறையும், புகை வரும், மேம்பாலம் ஏறும்போது இழுவை குறைந்தது தெரியும். இவற்றில் எதையும் நீங்கள் எழுதவில்லை. மெக்கானிக் வற்புறுத்தினால், கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, அளந்து நான்கு சிலிண்டர்களின் எண்களையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. நான்கும் கையேடு சொல்லும் அளவுக்குள், ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால் ஹெட்டைத் தொட வேண்டிய காரணமே இல்லை.

விளக்கு எரியவில்லை என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூலன்ட் தெர்மோஸ்டாட்டின் அளவுக்குச் சூடாகவில்லை என்பதைக் குறிக்க பி0128 என்று ஒரு பிழைக் குறியீடே இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துக் கார்கள் எல்லாவற்றிலும் அந்தச் சோதனையை எழுதி வைக்கவில்லை. 2010 ஏப்ரலிலிருந்தே சென்னையில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்துவிட்டதால், உங்கள் வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் செருகும் துளை இருக்க வேண்டும். அதில் செருகிக் கைபேசியில் பார்க்கும் சிறிய புளூடூத் கருவி மலிவாகவே கிடைக்கிறது. அடுத்த பயணத்தில் அதைப் பொருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் சாலையைப் பாருங்கள், எண்களை உங்கள் துணைவியார் படிக்கட்டும். செங்குன்றம் தாண்டி இருபது நிமிடம் சீராக ஓடியபின், கும்மிடிப்பூண்டி அருகே கூலன்ட் வெப்பநிலை எவ்வளவு என்று குறித்துக்கொண்டால் போதும். 80-க்குக் கீழே இருந்தால் வேறு எதையும் தேடுவதற்கு முன் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். வெப்பநிலை 90-ஐ ஒட்டிச் சரியாக இருந்தால், நீண்டகால எரிபொருள் திருத்தம் (லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம்) என்ற எண்ணைப் பாருங்கள். கணினி தன் அடிப்படைக் கணக்குக்கு மேல் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை அது காட்டும். அது கூட்டல் 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் எங்கோ கள்ளக்காற்று உள்ளே போகிறது, அல்லது புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் சோர்ந்துவிட்டது. நல்ல சென்சாரின் மின்னழுத்தம் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே சுறுசுறுப்பாக ஏறி இறங்கும். வயதானது மெதுவாகத் தவழும். ஆனால் உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் அதுவரை போக வேண்டியிருக்காது.

இன்னொரு சோதனைக்குக் கருவியே தேவையில்லை. ஆயில் அளவுகோலை உருவி முகர்ந்து பாருங்கள். நெடுநாள் குளிர்ந்து ஓடிய எஞ்சினில், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்திருக்கும். வாசனையே காட்டிக்கொடுத்துவிடும், சில வண்டிகளில் ஆயில் மட்டம் உயர்ந்துகூட இருக்கும். அப்படியிருந்தால் தெர்மோஸ்டாட் போட்ட கையோடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். நீர்த்துப்போன ஆயிலில் ஓடுவதுதான் எஞ்சினை உண்மையாகவே முதுமையாக்கும்.

புது தெர்மோஸ்டாட் பெரிய செலவு அல்ல. ஆனால் புதுப்பேட்டையில் பழையது வாங்கிப் போட வேண்டாம், இந்த ஒரு சாமானைப் புதிதாகவே வாங்குங்கள். பொருத்துவதற்கு முன் வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். அதன்மேல் 82 என்று பொறித்திருந்தால் ஏறத்தாழ அந்த வெப்பத்தில் திறக்கத் தொடங்கி, கொதிநிலை வருவதற்குச் சற்று முன்பே முழுதும் திறந்துவிட வேண்டும். ஃபேனையும் பழையபடி கணினியின் கட்டுப்பாட்டுக்குத் திருப்பச் சொல்லுங்கள். இடைவிடாமல் சுற்றும் ஃபேன் ஆல்டர்னேட்டர் வழியாக எஞ்சினிடமிருந்தே தன் மின்சாரத்தை வாங்குகிறது. அந்தச் செலவு சிறியதுதான், ஆனால் 85 கி.மீ. வேகத்தில் அது செய்யும் வேலை எதுவுமே இல்லை.

வால்வைப் போட்டால் மறுபடி சூடாகுமே என்ற அச்சம் உங்கள் மெக்கானிக்குக்கு இருக்கும். நியாயம்தான். ஆனால் வண்டி அன்று சூடானது வால்வினாலா, ரேடியேட்டர் அடைப்பினாலா? அடைப்பு எங்கிருந்து வந்தது? வடசென்னையில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. மீஞ்சூர் வரையில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்துவிட்டதை எல்லோரும் அறிவோம். திருவொற்றியூர்ப் பக்கத்து போர் தண்ணீரின் சுவை உங்களுக்கே தெரியும். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்புப் படிந்தும் துரு கிளம்பியும் நுண்குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன, வண்டி சூடாகிறது, பழி தெர்மோஸ்டாட்டின் மேல் விழுகிறது. இனி ரேடியேட்டரில், முன்பே தண்ணீர் கலந்து விற்கப்படும் கூலன்ட்டைத் தவிர வேறு எதையும் ஊற்ற வேண்டாம். அவசரத்துக்கு என்றால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்பக்கம், ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழியை மூடும் வேலையையும் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டால் கூலன்ட்டின் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி வந்துவிடும். கோடை நெரிசலில் சூடாவதைத் தடுக்கச் செய்த வைத்தியமே சூட்டுக்குக் காரணமாவதும் உண்டு.

இனிக் கணக்குக்கு வருகிறேன். 17-க்கும் 12.5-க்கும் இடையே உள்ள நாலரை கி.மீ. முழுவதையும் தெர்மோஸ்டாட்டின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. அதில் ஒரு பகுதி குறையவே இல்லை, குறைந்ததுபோல் காட்டுகிறது. டயரின் அளவை நீங்கள் எழுதவில்லை என்பதால் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 175/65 ஆர்14 டயரின் விட்டம் ஏறத்தாழ 583 மி.மீ.; நம் ஊரில் அதற்குப் பதிலாகப் போடப்படும் 185/70 ஆர்14 டயரின் விட்டம் ஏறத்தாழ 615 மி.மீ. சக்கரம் ஒருமுறை சுழன்றால் வண்டி 5 சதவீதத்துக்கும் சற்றுக் கூடுதலாக முன்னேறுகிறது, ஆனால் ஓடோமீட்டர் பழைய அளவையே எண்ணிக்கொண்டிருக்கிறது. நீங்கள் போட்டதும் இதே விகிதத்தில் உயர்ந்தது என்றால், உங்கள் 12.5 உண்மையில் 13.2. வேகமானியும் குறைத்தே காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் 90 என்று நம்புவது 90-க்கு மேலாக இருக்கலாம். கைபேசி வரைபடத்தில் தெரியும் தூரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

மறுபக்கம், அந்தப் பழைய 17-ஐ இன்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. நீங்கள் அதைக் கண்ட ஆண்டுகளில் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்துக்குள் இருந்தது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், இந்த மாற்றத்தில் மட்டுமே 3 முதல் 5 சதவீதம் ஆற்றல் குறைந்துவிடுகிறது. அதற்கென்று வடிவமைக்கப்படாத பழைய எஞ்சினில் இழப்பு இதைவிடச் சற்றுக் கூடலாமே தவிரக் குறையாது. ஆகவே இன்றைய பெட்ரோலில் உங்கள் வண்டியின் முழு உடல்நலத்துக்கு உரிய எண் 16-ஐ ஒட்டியது. (2011 வண்டி என்பதால் டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் குழாய்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.)

டயரும் எத்தனாலும் நகரத்து மைலேஜையும் குறைத்திருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். குறைத்துத்தான் இருக்கும், ஆனால் 11-இல் 8 அல்லது 10 சதவீதம் என்பது ஒரு கி.மீ.தான். ஒரு வாரம் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசை நீண்டால் ஏற்படும் வேறுபாட்டுக்குள் அது மறைந்துபோகும்.

ஆக, நாம் உண்மையில் தேட வேண்டியது 13.2-க்கும் 16-க்கும் இடைப்பட்டது. அதில் கணிசமான பங்கு குளிர்ந்த எஞ்சினுடையது என்பது என் கணிப்பு. மிச்சத்துக்கு நான் சந்தேகப்படுவது பிரேக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நின்ற வண்டிகள் எங்கள் பட்டறைக்கு மாதக்கணக்கில் வந்தன. எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று உரிமையாளர் நிம்மதியாக இருந்த வண்டிகளில்கூட பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் பின்கள் இறுகியும், பின்சக்கர டிரம்முக்குள் துரு பிடித்தும், கைபிரேக் கேபிள் உறைக்குள்ளேயே சிக்கிக்கொண்டும் இருந்தன. கடற்காற்று உப்பு வேறு. காலிப்பர் பின் வழுக்கி நகராவிட்டால், பெடலிலிருந்து காலை எடுத்தபின்பும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். நகரத்தில் எப்படியும் நிமிடத்துக்கு ஒருமுறை பிரேக் பிடிக்கிறோம் என்பதால் அந்த உரசல் தனியாகத் தெரிவதில்லை. காலை பிரேக்கில் வைக்காமலே பத்து இருபது கி.மீ. ஓடும் சாலையில் அது மொத்தமாகக் கணக்கில் ஏறுகிறது.

நெல்லூரில் மகள் வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது, கடைசி ஒன்றிரண்டு கி.மீ. தூரத்துக்கு முடிந்தவரை பிரேக் பிடிக்காமல் மெதுவாக உருட்டி வந்து நிறுத்துங்கள். இறங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், டிஸ்க் சுட்டுவிடும். இடதும் வலதும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தப் பக்கம்தான் பிடித்திருக்கிறது. ஊர் திரும்பியபின், பட்டறையில் வண்டியைத் தூக்கி நான்கு சக்கரங்களையும் கையால் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங்கில் உறுமல் இருந்தாலும் அப்போதே கேட்டுவிடும். கைபிரேக் கேபிள் சிக்கியிருந்தால் எண்ணெய் விட்டு ஒப்பேற்றாமல் மாற்றிவிடுங்கள். வீட்டிலேயே முடிகிற சோதனை ஒன்றும் உண்டு: சமதரையில், நியூட்ரலில், கைபிரேக்கை இறக்கிவிட்டால் இந்த எடையுள்ள காரை ஒரே ஆள் தள்ளி நகர்த்த முடிய வேண்டும். இரண்டு பேர் தோள்கொடுத்தும் முனகினால் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது.

டயரில் காற்று, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, காலையில் வண்டி எடுப்பதற்கு முன். வீல் அலைன்மென்ட் டயர் மாற்றியபோது பார்த்திருக்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள். ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு சொல்: அழுக்கு ஃபில்டர் மைலேஜைக் குடிக்கும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்தபோது, இன்ஜெக்டர் உள்ள கார்களில் அடைத்த ஃபில்டர் இழுவையைக் குறைத்ததே தவிர எரிபொருள் செலவை மாற்றவில்லை. நீங்கள் மாற்றியது வீணல்ல, ஆனால் அதிலிருந்து மைலேஜை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, அளக்கும் முறை. வீட்டருகே டேங்க்கை நிரப்பிக்கொண்டு போய்த் திரும்பி வந்து நிரப்பினால், நீங்கள் அளப்பது நெடுஞ்சாலையை மட்டும் அல்ல. மணலியிலும் மாதவரம் ரவுண்டானாவிலும் ஏசியோடு நின்ற நேரத்தையும் சேர்த்தே அளக்கிறீர்கள். நின்றபடி ஏசி போட்டிருக்கும் இந்த அளவு எஞ்சின் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டரைக் குடித்துவிடும். போக வர 340 கி.மீ. தூரத்துக்கு 20 லிட்டர் செலவாகும் வண்டியில், நெரிசலில் ஒன்றரை லிட்டர் போனால் 17 என்பது 15.8 ஆகிவிடுகிறது. செங்குன்றம் தாண்டி ஒரு பங்க்கில் தானாக நிற்கும்வரை நிரப்பிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்ப்பில், மறுபடி தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். ஆள் தட்டித் தட்டிக் கழுத்து வரை ஊற்றுவதை இரண்டு முறையும் தவிர்த்துவிடுங்கள்.

முதல் பயணத்தில் எதையும் மாற்றாமல் வெப்பநிலை, சக்கரச் சூடு, இந்த முறைப்படி வந்த மைலேஜ் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தெர்மோஸ்டாட்டையும் ஃபேன் இணைப்பையும் மட்டும் சரிசெய்து அடுத்த மாதம் ஒருமுறை போய்வாருங்கள். பிரேக் வேலை அதற்குப் பின். ஆனால் ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசியிருந்தால் அந்த வரிசையைப் பார்க்காமல் பிரேக்கை முதலில் பார்த்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை வண்டி நன்றாக ஆறும்வரை யாரையும் திறக்க விட வேண்டாம். இரண்டு பயணத்தின் எண்களையும் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவையும் எழுதி அனுப்பினால், மிச்சம் இருப்பதை அதன்பிறகு பார்ப்போம்.